இத்தாலியர்களின் ஏழை வீட்டுச் சமையல்: நம் அடுப்பிலும் செய்யலாம்

புக்கிட் தெங்கா – கடந்த 2025 டிசம்பர் 10ஆம் தேதி புதுடில்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் தீபாவளி சேர்க்கப்பட்டது. அதே நாளில் இத்தாலியச் சமையலும் அப்பட்டியலில் இடம்பிடித்தது. தனியொரு பதார்த்தத்துக்காகக் கிடைத்த சிறப்பு அல்ல அது. குடும்பமாகக் கூடிச் சமைப்பது, பாட்டியின் கைப்பக்குவம் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது, மீந்ததை வீணாக்காமல் மறுபடி உணவாக்குவது ஆகிய வழக்கங்களுக்குக் கிடைத்த சிறப்பு.

புக்கிட் தெங்கா, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் இத்தாலிய உணவு என்றால் பிறந்தநாளுக்குக் கடைக்குப் போய்ச் சாப்பிடுவது என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. ஆனால் மெக்கரோனி சூப்பும் மெக்கரோனி கோரேங்கும் நம் வீடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டன. அதற்கு அடுத்த படியாக, இத்தாலியர்கள் தங்கள் வீட்டில் உண்மையிலேயே சமைக்கும் மூன்று உணவுகளை இங்கே பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கான அளவுகள் இவை.

வறுமையில் பிறந்த ருசி

இத்தாலியில் இவ்வகைச் சமையலுக்கு 'குச்சினா போவெரா' என்று பெயர். ஏழைச் சமையல் என்பதே அதன் பொருள். 1876 முதல் 1915 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி நாட்டை விட்டு வெளியேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

இரண்டு மக்களின் அடுப்படியிலும் கணக்கு ஒன்றுதான்: இறைச்சி குறைவு, பயறும் காயும் அதிகம். தோட்டத்து வீடுகளில் டின் சார்டினும் பருப்பும் கீரையும் குடும்பத்தைக் காப்பாற்றியதுபோல, அங்கே பயறும் வெங்காயமும் காய்ந்த ரொட்டியும் காப்பாற்றின. தாளிப்பு அவர்களிடமும் உண்டு. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் மெல்லிய தீயில் வதக்குவார்கள். இதை 'சொஃப்ரித்தோ' என்பார்கள். செலரி கிடைக்காவிட்டால் நம் சந்தையில் விற்கும் சூப் இலையின் தண்டு போதும்.

முதலில் பாஸ்தாவை வேகவைக்கும் முறை

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே பாஸ்தாவைப் போட வேண்டும். பாக்கெட்டில் குறித்த நேரத்துக்கு 1 நிமிடம் முன்பே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். வெந்திருக்க வேண்டும், ஆனால் பல்லுக்குச் சற்றே கெட்டியாகவும் இருக்க வேண்டும். 'அல் டென்டே' என்று அவர்கள் சொல்வது இந்தப் பதத்தைத்தான்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசுவது. அந்தத் தண்ணீர் நம் வடிகஞ்சி மாதிரி. அதிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் குழம்பையும் பாஸ்தாவோடு ஒட்டவைக்கிறது. ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டுங்கள்.

1. தட்டைப்பயறு பாஸ்தா

'பாஸ்தா எ ஃபஜோலி' என்பது இத்தாலி முழுவதும் செய்யப்படும் பயறும் பாஸ்தாவும் சேர்ந்த கெட்டியான சூப். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதுவகை பீன்ஸ் வருவதற்கு முன் இத்தாலியர்கள் சமைத்தது நம் தட்டைப்பயற்றைத்தான்.

தேவை: தட்டைப்பயறு 1 கப், சிறிய மெக்கரோனி 150 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, செலரி ஒரு தண்டு, பூண்டு 3 பல், தக்காளி 2, எண்ணெய் 3 மேசைக்கரண்டி.

பயற்றை இரவே ஊறவைத்துக் குழைய வேகவையுங்கள். வெங்காயம், கேரட், செலரியை 10 நிமிடம் வதக்கி, பூண்டும் தக்காளியும் சேர்த்து மசியவிடுங்கள். வெந்த பயற்றில் பாதியை மசித்து, மீதியை முழுதாகவே, வேகவைத்த நீரோடு ஊற்றுங்கள். தேவையான தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கொதித்ததும் மெக்கரோனியை அதிலேயே போட்டு வேகவிடுங்கள். கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் இறக்கி, மிளகுத்தூள் தூவலாம். இறைச்சி இல்லாததால் விரத நாளுக்கும் ஏற்றது. அன்று பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம்.

2. பூண்டு எண்ணெய் ஸ்பகெட்டி

நம் பிள்ளைகள் 'ஆலியோ ஓலியோ' என்று கடையில் கேட்டு வாங்குவது இதுதான். நேப்பள்ஸ் நகரத்து எளிய உணவு.

தேவை: ஸ்பகெட்டி 350 கிராம், பூண்டு 6 பல், காய்ந்த மிளகாய் 3, ஆலிவ் எண்ணெய் 5 மேசைக்கரண்டி.

எண்ணெய் காயும் முன்பே மெல்லியதாக நறுக்கிய பூண்டைப் போட்டு, சிறு தீயில் பொன்னிறத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். கருகினால் கசக்கும். கிள்ளிய மிளகாயைச் சேர்த்து, முக்கால் கப் வடிநீரை ஊற்றி, வெந்த ஸ்பகெட்டியைப் போட்டு 1 நிமிடம் பிரட்டுங்கள். எண்ணெயும் நீரும் கலந்து பாலேடுபோல் ஒட்டிக்கொள்ளும்.

இதிலேயே மட்டி சேர்ப்பது இத்தாலியக் கடலோர வழக்கம். சந்தையில் கிடைக்கும் லாலாவை உப்பு நீரில் 1 மணி நேரம் போட்டு மணலைக் கக்கவிட்டு, பூண்டு எண்ணெயில் மூடி போட்டு வேகவையுங்கள். ஓடு திறக்காதவற்றை எறிந்துவிடுங்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை ராகு

1982 அக்டோபர் 17ஆம் தேதி, போலோஞா நகர இறைச்சிக் குழம்பான 'ராகு'வின் செய்முறையை இத்தாலியச் சமையல் கழகம் அந்நகர வர்த்தகச் சபையில் பதிவு செய்தது. அந்தச் செய்முறையில் பூண்டு இல்லை. பால் உண்டு. தக்காளி குறைவு. சேர்த்துச் சாப்பிடுவதும் ஸ்பகெட்டியோடு அல்ல, 'தாலியத்தெல்லே' என்ற தட்டையான பாஸ்தாவோடு. மாட்டிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் அதில் உண்டு. நம் வீட்டுக்கு ஆட்டுக் கொத்துக்கறியோ கோழிக் கொத்துக்கறியோ போதும்.

தேவை: கொத்துக்கறி 400 கிராம், வெங்காயம் 1, கேரட் 1, செலரி ஒரு தண்டு, தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி, பால் அரை கப், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பாஸ்தா 350 கிராம்.

காய்களை வதக்கியபின் கறியைப் போட்டு, நீர் வற்றிச் சிடுசிடுக்கும் வரை கிளறுங்கள். தக்காளி விழுதும் 2 கப் தண்ணீரும் உப்பும் மிளகும் சேர்த்து மூடி வையுங்கள். ஆட்டுக்கறிக்கு 2 மணி நேரம், கோழிக்கு 1 மணி நேரம் சிறு தீ. இடையில் பாலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கறியின் புளிப்பும் வாடையும் அடங்கும். கரம் மசாலா போடும் ஆசை வரும். போட்டால் நல்ல கைமா கிடைக்கும், ராகு கிடைக்காது.

மீந்துபோனால்

தஸ்கனி மாநிலத்தில் முந்தின நாள் காய்கறி சூப்பைப் பழைய ரொட்டியோடு மறுநாள் கொதிக்கவைப்பார்கள். 'மறுபடி கொதித்தது' என்ற பொருளில் அதற்கு 'ரிபொல்லித்தா' என்று பெயர். பழைய குழம்பைச் சுண்டவைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன தட்டைப்பயறு சூப்பும் ராகுவும் மறுநாள் இன்னும் ருசிக்கும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சீஸ்: அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் கொண்டு உறையவைக்கப்படுகிறது. சைவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. வாங்கும் சீஸின் பாக்கெட்டில் சைவ ரென்னெட் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சீஸே இல்லாமலும் முடியும். சிசிலித் தீவின் ஏழை வீடுகளில் ரொட்டித்தூளை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சீஸுக்குப் பதிலாகப் பாஸ்தா மேல் தூவினார்கள். ஆலியோ ஓலியோவுக்கு அது அருமையான பொருத்தம்.

நீரிழிவு: 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். பாஸ்தாவும் மாவுச்சத்துதான். அதைச் சோற்றுக்குத் துணையாக வைக்காமல், சோற்றுக்குப் பதிலாகவே சாப்பிட வேண்டும். ஒருவருக்கு 80 கிராம் உலர் பாஸ்தா போதும். நீரிழிவு உள்ளவர்கள் அதையும் குறைத்து, மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்றுவது நல்லது. குழையவிடாமல் அல் டென்டே பதத்தில் எடுத்தால் அது மெதுவாகச் செரிக்கும். மூன்றில் தட்டைப்பயறு பாஸ்தாவே இவர்களுக்கு ஏற்றது. பயறு அதிகம், மாவு குறைவு.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் செய்து பார்க்கலாம். பூண்டு உரிக்க ஒரு பிள்ளை, கேரட் நறுக்க இன்னொரு பிள்ளை, பதம் பார்க்கப் பாட்டி. யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அந்தக் கூட்டுச் சமையல்தான்.