கேளாமல் நடந்த வழி

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் தனியார் வயலின் நடுவாலும், ஆடு மேயும் புல்வெளியாலும், சில இடங்களில் வீட்டு மதிலை உரசிக்கொண்டும் ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறிக் கடக்கக் கடவையோ, தள்ளித் திறக்கப் படலையோ இருக்கும். காணி ஒருவருடையது, அதன் மேல் நடந்து போகும் உரிமை எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவாகியுள்ள இத்தகைய பொதுவழிகளைக் கூட்டினால் ஏறத்தாழ 140,000 மைல் வரும். இதைக் காணும் எம்மவர் பலர், வெள்ளைக்காரனின் பெருந்தன்மைக்கு இது ஓர் அடையாளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் பெருந்தன்மையை அதிகம் காணமுடியவில்லை.

எமது ஊரில் வேலியடைப்பு என்றால் உக்கிய கிடுகைக் கழற்றிவிட்டுப் புதுக்கிடுகு கட்டும் வருடாந்த வேலை. அந்தச் சாட்டில் கதியாலை ஓர் அடி அங்கால் நகர்த்தி, வழக்கு நீதிமன்றம் வரை போவதும் உண்டு. இங்கிலாந்தில் நடந்த வேலியடைப்போ நாடளாவியது, அதுவும் சட்டப்படி. 1604 இலிருந்து 1914 வரை பாராளுமன்றம் 5,200 க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் கூடிய நிலம், இவற்றுள் அடங்கியது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கு இருந்த பொதுநிலங்கள் தனியார் கைக்குப் போயின. நிலத்தோடு சேர்ந்து வழிகளும் மறிபட்டன. 1815 இல் வந்த ஒரு சட்டம், ஒரு நடைபாதை தேவையற்றது என்று இரண்டு நீதவான்கள் தீர்மானித்தாலே அதை மூடிவிடலாம் என்றது. அன்றைய நாட்டுப்புற நீதவான்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளர்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு தொழில் நகரங்களிலிருந்து கிளம்பியது. பழைய நடைபாதைகளைக் காக்கவென்று 1826 இலேயே மான்செஸ்ரரில் ஒரு சங்கம் தோன்றிவிட்டது. 1896 செப்ரெம்பரில் போல்ரன் நகருக்கு அருகே விண்டர் ஹில் என்னும் குன்றுக்குப் போகும் வழியை நில உரிமையாளர் படலை போட்டு மறித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறத்தாழ 10,000 பேர் திரண்டு அதைக் கடந்து நடந்தார்கள். வழக்கில் நில உரிமையாளரே வென்றார். அந்த வழி பொதுவழியாக ஏற்கப்பட நூறு வருடம் பிடித்தது.

பலரும் அறிந்த நிகழ்ச்சி 1932 ஏப்பிரல் 24 இல் நடந்தது. மான்செஸ்ரருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே கிண்டர் ஸ்கவுட் என்னும் உயர்ந்த தரிசுமேடு உண்டு. அது டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தமானது. வருடத்தில் சில நாட்கள் குரூஸ் என்ற காட்டுப்பறவையைச் சுடுவதற்காக, வருடம் முழுவதும் காவலர் வைத்துச் சனங்களைத் தடுத்தார்கள். ஆறு நாளும் புகைக்குள் கிடந்து ஏழாம் நாள் நல்ல காற்றைத் தேடிய ஆலைத் தொழிலாளருக்கு அந்த மேடு கண்ணுக்கு எட்டியும் காலுக்கு எட்டவில்லை. அன்று ஏறத்தாழ 400 பேர் ஹேபீல்ட் கிராமத்திலிருந்து பகிரங்கமாக அறிவித்துவிட்டு மேலே ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி றொத்மன்; வயது 20, ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோரின் மகன், வேலையற்றிருந்த இளைஞன்.

காவலருடன் கைகலப்பு ஏற்பட்டது. ஆறு பேர் கைதானார்கள். அத்துமீறி நுழைவது அப்போது குற்றவியல் குற்றமல்ல, உரிமையியல் தவறு மட்டுமே. ஆகவே கலகம் விளைவித்தல் போன்ற குற்றங்களைச் சாட்டினார்கள். டேர்பியில் வழக்கை விசாரணைக்கு எடுத்த பெரும் யூரர் சபையில் படை அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் அமர்ந்திருந்தார்கள். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. றொத்மனுக்கு நான்கு மாதம்.

இந்த ஒரு நடையால் மலை திறந்துவிட்டது என்று கதை கட்டுவது பிழை. நடைச் சங்கங்களின் மூத்தவர்கள் பலர் இதைக் கண்டித்தார்கள். பல வருடப் பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று பயந்தார்கள். 1939 இல் வந்த மலைநில நுழைவுச் சட்டம் சில சந்தர்ப்பங்களில் அத்துமீறலைக் குற்றமாக்கவும் செய்தது. 1949 இன் சட்டம்தான் தேசியப் பூங்காக்களை உருவாக்கி, பொதுவழிகளைப் படங்களில் பதியும் கடமையை உள்ளூராட்சிச் சபைகளின் தலையில் வைத்தது. கிண்டர் அடங்கிய பீக் மாவட்டம் 1951 இல் நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவானது. பாதையை விட்டு விலகியும் மலைநிலத்தில் உலாவும் உரிமையை 2000 இல் வந்த சட்டம் தந்தது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கில் மட்டும். 1932 இன் பிரபுவுடைய பேரன் 2002 இல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். றொத்மன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் இறந்திருந்தார்.

இவ்விடத்தில் எமக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. 1932 இலேயே, கிண்டருக்குச் சம்பந்தமில்லாமல், நீண்டகால முயற்சியின் பின் இன்னொரு சட்டமும் வந்தது. ஒரு வழியால் பொதுமக்கள் 20 வருடம் தடையின்றி நடந்திருந்தால் அது பொதுவழி என்று கொள்ளப்படும் என்றது அது. இன்று 1980 இன் நெடுஞ்சாலைச் சட்டத்தில் இவ்விதி இருக்கிறது. நடந்த நடைக்கு நிபந்தனை மூன்று: பலாத்காரம் கூடாது, ஒளித்து நடக்கக் கூடாது, அனுமதி பெற்று நடந்திருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அனுமதி கேட்டு நடந்தவருக்கு உரிமை பிறப்பதில்லை. நில உரிமையாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சிலர் 'உரிமையாளரின் அனுமதியுடன்' என்று அன்பாகப் பலகை நாட்டுகிறார்கள். சிலர் வருடத்தில் ஒரு நாள் படலையைப் பூட்டுகிறார்கள். நீங்கள் நடப்பது என் தயவால் என்று காட்டுவதே நோக்கம்.

அகதி விண்ணப்பம், தற்காலிக வதிவிடம், வேலை செய்யும் அனுமதி என்று எம்மில் பலரின் வாழ்வு 'அனுமதி' என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது, சிலருடையது இன்னும் தொங்குகிறது. தந்தவன் திருப்பி எடுக்கக்கூடியது அது. ஆனால் இந்தப் பாதைகளில் எமக்குள்ளது அனுமதி அல்ல. எமது காணி உறுதிகளில் எழுதப்படும் வழிவாய்க்கால் உரிமை அந்தந்தக் காணிக்காரருக்கே உரியது. இங்குள்ள பொதுவழி நடக்கும் எவருக்கும் உரியது.

எல்லா வழிகளும் படத்தில் ஏறிவிடவில்லை. 1949 க்கு முந்திய பழைய வழிகளைப் பதிவதற்கு 2000 இன் சட்டம் 2026 ஐ எல்லையாக வைத்தது. அது பின்னர் 2031 வரை நீட்டப்பட்டது. அந்த எல்லையையே நீக்கப்போவதாக 2024 டிசெம்பரில் அரசாங்கம் அறிவித்தது. இதற்கிடையில் ஒரு வழி மறிக்கப்பட்டால், அதில் நடந்தவர்களிடம் சாட்சியம் எடுப்பார்கள். எத்தனை வருடம் நடந்தீர்கள், எவராவது மறித்தார்களா, அனுமதி கேட்டீர்களா என்பவைதான் கேள்விகள். எந்த நாட்டில் பிறந்தவர் என்பதில் அந்தச் சாட்சியத்தின் பெறுமதி தங்கியிருப்பதில்லை. ஒருவரே 20 வருடமும் நடந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. பலருடைய வருடங்களைச் சேர்த்து எண்ணலாம். முன்னே நடந்து மறைந்த ஆலைத் தொழிலாளியின் வருடங்களுக்குப் பின்னால், நேற்று வந்த ஒருவரின் வருடங்களும் அதே கணக்கில் சேரும். அதற்கு அவர் அந்த வழியால் நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.