வண்டி மையும் கார் கிரீசும்

1876-இல் இருப்புப்பாதை வருமுன், கரிசல் காட்டுப் பருத்தி மாட்டு வண்டிகளில்தான் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. அச்சும் சக்கரக் குடமும் உராய்ந்து தேயாதிருக்க வண்டிக்காரர்கள் மை இட்டனர். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்ததே அந்த மை.

விளக்கெண்ணெய் ஏன்? அதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலமாகும். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஆகவே எண்ணெய் எளிதில் வழிந்தோடாமல் அச்சில் தங்குகிறது. நாளடைவில் தூசும் தேய்ந்த துகளும் சேர்ந்து மை கெட்டுவிடும். அதை வழித்தெறிந்த பிறகே புது மை இடுவர்.

1942-இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் லித்தியம் கிரீசுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கார்ச் சக்கர பேரிங்குகளில் பெரிதும் பயன்படுவது இவ்வகையே. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிப் பெறும் அமிலம் லித்தியத்துடன் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிறது. இச்சோப்பு கனிம எண்ணெயைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்கிறது. சுமார் 180 பாகை செல்சியஸ் வரை இது உருகிச் சொட்டாது, நீரையும் தாங்கும்.

சோடியம் கிரீசோ நீரில் கரையும்; கடலோர ஊர்களுக்கு ஏற்றதன்று. இரண்டும் கலந்தால் கிரீஸ் இளகி ஒழுகக்கூடும்; பேரிங் வறண்டு சூடேறும். ஆகவே வீட்டில் கார் பராமரிப்போரும் பழைய கிரீசை முற்றிலும் துடைத்த பின்னரே புதியதை நிரப்ப வேண்டும். வண்டிக்காரர் அறிந்திருந்த பாடமே இது!