ஒட்டாகோ மத்திய ரயில்தடம்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒட்டாகோ வட்டாரத்தின் உட்பகுதியிலுள்ள மிடில்மார்ச், கிளைடு ஆகிய இரு சிற்றூர்களுக்கு இடையே 152 கி.மீ. நீளத்திற்குச் செல்லும் பொதுவழி ஒட்டாகோ மத்திய ரயில்தடம் எனப்படுகிறது. ரயில் ஓட்டம் நின்றுபோய்த் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்ட பாதையை, அதன் கரைமேடுகளும் பாலங்களும் குகைப்பாதைகளும் சிதையாமல் காத்து, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் குதிரையில் செல்வோருக்கும் திறந்துவிடுவதே ரயில்தடம் என்னும் முறையாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1960களில் உருவான எல்ராய்–ஸ்பார்ட்டா தடம் இம்முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. நியூசிலாந்தில் அதை நிலைநாட்டியது ஒட்டாகோ தடமே.

1861இல் ஒட்டாகோவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் உட்பகுதிப் பள்ளத்தாக்குகளில் மக்கள் பெருகினர். ஆனால் மேலோட்டமான படிவுகளில் கிடைத்த தங்கம் குறைந்த பின்னர், அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஆடு வளர்ப்பையும் வேளாண்மையையும் நம்பி வாழ வேண்டியிருந்ததால், விளைபொருளைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்ல ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அரசியல்வாதி வின்சென்ட் பைக் இக்கோரிக்கையை விடாது முன்வைத்தவர். டனீடின் நகருக்கு அருகிலுள்ள விங்கட்டூயியில் 1879இல் பணி தொடங்கியது. அடுத்துவந்த பொருளாதார மந்தத்தாலும், டையெரி ஆற்றின் பாறைப் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டியிருந்ததாலும், பாதை மிடில்மார்ச்சை எட்ட 1891 ஆயிற்று. 1898இல் ரான்ஃபர்லியையும், 1904இல் ஒமாக்காவையும், 1907இல் கிளைடையும், 1921இல் கிராம்வெல்லையும் அடைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீண்ட இக்கட்டுமானத்தில் பெரும்பகுதி கடப்பாரையும் மண்வெட்டியும் கைவண்டியும் கொண்டு செய்யப்பட்டது என்பது இன்று அவ்வழியே செல்வோர் மறக்கக்கூடாத செய்தியாகும்.

தடத்தின் இயல்பை முடிவு செய்தது அன்றைய பொறியாளர்களின் சரிவுக் கணக்கே. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது எளிதாக உருளும். அதனாலேயே செங்குத்தான ஏற்றத்தில் பிடிப்பின்றி வழுக்கும். ஆகவே ஐம்பது மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டருக்கு மேல் உயராத வகையில், அதாவது 50க்கு 1 என்ற சரிவு வீதத்திற்குள், பாதை அமைக்கப்பட்டது. டைகர் ஹில் என்னும் குன்றை நேராக ஏறிக் கடக்காமல், அதன் சரிவுகளைச் சுற்றி வளைந்து வளைந்து பாதை இறங்குவதற்குக் காரணம் இதுதான். சரக்கு வண்டிக்காகப் போடப்பட்ட அதே கணக்கு, 618 மீட்டர் உயரம் கொண்ட மேட்டைக் கடக்கும் இத்தடத்தைச் சிறுவர்களும் முதியவர்களும் பெரும் சிரமமின்றி மிதிவண்டியில் கடக்கக்கூடியதாக ஆக்கிவிட்டது.

கட்டுமானத் திறனின் உச்சத்தைப் பூல்பர்ன் பள்ளத்தாக்கில் காணலாம். ஒன்றையடுத்து ஒன்றாக இரு குகைப்பாதைகள் கடும் பாறையைக் குடைந்து செல்கின்றன. ஒவ்வொன்றும் 200 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுடையது. விளக்கு வசதியில்லாத இவற்றைக் கடக்கக் கைவிளக்கு வேண்டும். அவற்றுக்கு அருகே 37 மீட்டர் உயரத்தில் நிற்கும் பூல்பர்ன் உயர்பாலம், அவ்வட்டாரத்திலேயே வெட்டிச் செதுக்கிய சிஸ்ட் என்னும் அடுக்குப்பாறைக் கல்லாலான தூண்கள்மீது இரும்புச் சட்டங்களைத் தாங்கி நிற்கிறது. ரயிலுக்கென எழுப்பப்பட்ட இத்தூண்களின் வேலைப்பாட்டை ரயில் பயணிகள் சன்னல் வழியே முழுமையாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நின்று பார்க்கும் பேறு நடந்து வருவோருக்கே கிட்டியது.

கம்பளி, ஆடுமாடுகள், பழங்கள், முயல் இறைச்சி ஆகியவற்றைச் சுமந்த இப்பாதையில் துயரமும் நேர்ந்தது. 1943 ஜூன் 4 அன்று கிராம்வெல்லிலிருந்து டனீடின் நோக்கிச் சென்ற விரைவு ரயில், ஹைடு என்ற ஊருக்கு அருகில் வளைவொன்றில் அளவுக்கு மீறிய வேகத்தில் தடம்புரண்டு 21 பேர் உயிரிழந்தனர். 1953இல் டாங்கிவாயில் 151 பேரைப் பலிகொண்ட விபத்து நேரும்வரை நியூசிலாந்தின் மிகக் கொடிய ரயில் விபத்தாக இருந்தது இதுவே. இறந்தோரின் நினைவாக எழுப்பப்பட்ட கற்குவியல் தடத்தின் அருகில் உள்ளது.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தின்மீதிருந்த கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டபோது பாதை வருவாய் இழந்தது. 1976இல் பயணிகள் சேவை நின்றது. குளுதா ஆற்றின் குறுக்கே கிளைடில் அணை கட்டப்பட்டதையொட்டி, நீரில் மூழ்கவிருந்த கிளைடு–கிராம்வெல் பகுதி 1980இல் மூடப்பட்டது; எஞ்சிய பாதை அணைக்கான பொருள்களை ஏற்றி வந்து, அத்தேவை முடிந்ததும் 1990 ஏப்ரலில் தானும் மூடப்பட்டது. தன் ஒரு பகுதியை மூழ்கடிக்கும் அணைக்கே சிமெண்டு சுமந்து சில ஆண்டுகள் நீடித்தது இப்பாதையின் வரலாற்றில் கசப்பான அத்தியாயமாகும்.

டையெரி பள்ளத்தாக்கு வழியாக மிடில்மார்ச்வரை உள்ள பகுதியை டனீடின் நகர மன்றம் சுற்றுலா ரயிலுக்காக வாங்கியது. அதற்கு அப்பாலுள்ள நிலத்தை 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை பெற்றது. மூடப்பட்ட பாதையின் நிலம் துண்டுதுண்டாக விற்கப்பட்டுவிட்டால் அதை மீண்டும் ஒரே வழியாகச் சேர்ப்பது ஏறக்குறைய இயலாததாகையால், தடத்தின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு இதுவே எனலாம். மேய்ச்சல் நிலங்களின் நடுவே வெளியார் வந்துபோவதை எண்ணி அண்டை விவசாயிகள் சிலர் தொடக்கத்தில் தயங்கினர். 1994இல் அமைந்த அறக்கட்டளை நிதி திரட்டித் துணைநிற்க, பாலங்களில் பலகைகளும் கைப்பிடிகளும் பொருத்தப்பட்டன. பருஞ்சல்லியின் இடத்தில் நுண்சரளை பரப்பப்பட்டது. 2000 பிப்ரவரியில் தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது.

ரயில் நின்றதால் தேய்ந்துகொண்டிருந்த ஊர்களுக்கு இது வாழ்வாதாரமாயிற்று. பழைய விடுதிகளும் பண்ணை வீடுகளும் தங்குமிடங்களாயின. மிதிவண்டி வாடகையும் பயணிகளின் மூட்டைகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்ப்பதும் புதிய தொழில்களாயின. ஒட்டுரெஹுவா ஊரில் 1895இல் எர்னஸ்ட் ஹேஸ் தொடங்கிய வேளாண் கருவிப் பட்டறை இன்று காட்சியகமாகக் காக்கப்படுகிறது. அவருடைய மனைவி ஹன்னா, சாலை வசதி குறைந்த அக்காலத்தில், அக்கருவிகளைப் பண்ணை பண்ணையாக மிதிவண்டியில் சென்று விற்றவர். இவ்வட்டாரத்தின் மிதிவண்டி வரலாற்றைத் தடத்தின் திறப்பிலிருந்து தொடங்காமல் ஹன்னாவிடமிருந்து தொடங்குவதே நியாயமாகும்.

இத்தடத்தின் வெற்றி, 2009இல் தொடங்கப்பட்ட தேசிய மிதிவண்டித் தடத் திட்டத்திற்கு வலுவான சான்றாக அமைந்தது. அலெக்சாந்திராவிலிருந்து ராக்ஸ்பர்க் பள்ளத்தாக்கு வழியே செல்லும் தடம் பின்னர் இதனுடன் இணைந்தது. அணைநீரில் மூழ்கிய பகுதிக்கு ஈடாக, டன்ஸ்டன் ஏரிக்கரைப் பாறைகளை ஒட்டித் தொங்கு மேடைகள் அமைத்துப் போடப்பட்ட புதிய தடம் 2021இல் திறக்கப்பட்டதால், கிளைடிலிருந்து கிராம்வெல்வரை இப்போது மிதிவண்டியில் செல்லலாம்.