வேலிக்கட்டை பிடுங்கிக் கட்டின மைதானம்

முகாம் எண்டா என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் முகாமில் இருந்த ஒருவர் அந்த நாட்களைச் சிரிச்சுக்கொண்டு கதைச்சால், அந்தச் சிரிப்பை வரலாற்றில் எங்க வைக்கிறது? அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளி பேஸ்போல் வீரர்களின் நினைவுகளை வாசிக்கும்போது எனக்கு வந்த கேள்வி இது.

1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பிறகு ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை.

அவர்களில் ஒருவர் கெனிச்சி செனிமுரா. ஹிரோஷிமாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர், ஆள் ஐந்தடிதான். பிரெஸ்னோ நகரில் அணி நடத்தியவர், 1927இல் பேப் ரூத்தோட ஒரே மைதானத்தில் விளையாடினவர். அப்படிப்பட்ட மனிசனை அரிசோனா பாலைவனத்தில், ஹீலா ரிவர் முகாமில் கொண்டுபோய் விட்டார்கள்.

அவர் அங்க மைதானம் கட்டத் தொடங்கினார். இந்தக் கதையை அவருடைய மகன்மார் பிறகு கனதரம் சொல்லியிருக்கினம்: அப்பாவோட சேர்ந்து பற்றை வெட்டினது, பந்தைத் தடுக்கும் மறைப்புக்கு முள்ளுக்கம்பி வேலியில் ஒண்டு விட்டு ஒண்டாக் கட்டை பிடுங்கினது, கோடு போட மா தூவினது, எல்லைக்கு ஆமணக்கு நட்டது. அடைச்சு வைச்ச வேலியையே பிடுங்கி விளையாட்டுக்கு எடுத்திருக்கினம்! 1943இல் ஆட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் சனம் பார்க்க வந்தது.

எல்லாரும் நினைவு வைத்திருப்பது 1945 ஏப்ரல் 18 ஆட்டத்தைத்தான். மாநிலச் சம்பியனான டூசன் உயர்பாடசாலை அணி முகாமுக்குள்ள வந்து விளையாடியது. பத்தாவது இன்னிங்ஸில் முகாமின் பியூட் பாடசாலை 11க்கு 10 எண்டு வென்றது. வெற்றி ஓட்டத்துக்கான அடியை அடிச்சது செனிமுராவின் மகன்.

இப்படியான கதைகளைக் காட்டி "முகாமில் சந்தோசமாத்தானே இருந்திருக்கினம்" எண்டு சொல்லிறது லேசு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மைதானத்தை முகாம் குடுக்கேல்லை, அவர்கள் கட்டினது. அந்தச் சந்தோசத்தை முகாமின் கணக்கில் எழுத ஏலாது.

மறுபோட்டி ஒண்டை டூசனில் வைக்க இரண்டு பக்கமும் விரும்பினார்கள். பியூட் பையன்கள் அங்க வாறதை ஊர் விடேல்லை.

அண்டைக்கு ஆட்டம் முடிய டூசன் பையன்கள் வீட்டுக்குப் போனார்கள். வென்றவர்கள் தங்கட பரக்ஸுகளுக்குத் திரும்பினார்கள்.