கொழும்பு ஸாஹிரா: ஓர் ஆங்கிலப் பள்ளி புகட்டும் பாடம்

குற்றாலச் சாரல் வந்து தழுவும் வடகரை, தென்காசி வட்டாரத்து ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபே நம் பிள்ளைகளுக்கு முதற்கல்விக் கூடம். அலிஃப், பே பயின்று திருமறை ஓதக் கற்பிப்பதில் நம் முன்னோர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஆயினும், ஆங்கிலக் கல்வி என்று வந்தபோது தமிழ் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் நெடுங்காலம் தயங்கியே நின்றனர்.

அத்தயக்கத்தை அறியாமை என்னும் ஒரே சொல்லால் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 19ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் ஆங்கிலப் பள்ளிகளை நடத்துவதில் முன்னின்றவை கிறிஸ்தவ மிஷன்களே. அங்கே விவிலியப் பாடமும் கல்வியோடு சேர்ந்தே வந்தது. மகனுக்கு உத்தியோகம் கிடைக்கும்; ஆனால் ஈமான் நிலைக்குமா என்று ஒரு தந்தை அஞ்சினால் அதில் வியப்பில்லை. 1882இல் அமைந்த ஹன்டர் கல்விக்குழு, முஸ்லிம்களின் கல்விக்குத் தனி ஊக்கம் தரவேண்டும் எனப் பரிந்துரைக்குமளவுக்கு அன்றைய நிலை இருந்தது. தீனும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் வாழ வழியுண்டா? இக்கேள்விக்கு விடை கண்ட பள்ளிகளுள் ஒன்று, நம் மக்கள் வாணிகத்திற்காகக் கப்பலேறிச் சென்ற கொழும்பு மாநகரில் எழுந்தது. அதுவே ஸாஹிராக் கல்லூரி.

அதன் மூலவர் கண்டியில் 1838இல் பிறந்த சட்ட அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை. கைநிறைய வருவாய் தந்த தொழிலைவிடச் சமுதாயத்தின் கல்வியே அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கி, ஆங்கிலம் கற்பதால் மார்க்கம் குலையாது என இடைவிடாது எழுதினார். 1885இல் வெளிவந்த அவருடைய 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. பெண் மக்களுக்கும் கல்வி வேண்டும் என்று அந்நாளிலேயே வற்புறுத்தியதோடு, கண்டியில் அதற்கு வழியும் செய்தார்.

இதே காலத்தில் எதிர்பாராத துணையொன்று அவருக்கு வாய்த்தது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோல்வியுற்ற அஹ்மத் உராபி பாஷா நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் தம் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கினார். ஆங்கிலேயரின் பீரங்கிக்கு முன் நின்ற அவரே ஆங்கிலக் கல்விக்குத் துணை நின்றார் என்பது எண்ணத்தக்கது. ஓர் ஆட்சியை எதிர்ப்பது வேறு, அவ்வாட்சியினரின் மொழியிலுள்ள அறிவை வெறுப்பது வேறு என்பதை அவர் வாழ்க்கையே விளக்கிற்று. ஆங்கிலம் கற்பவன் ஆங்கிலேயனின் அடிமையாவான் என்னும் வாதம் அவர் முன்னே எடுபடவில்லை.

எனினும் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் தொடங்கிய பள்ளி, போதிய ஆதரவின்றித் தளர்ந்தது. சித்தி லெப்பை மனம் சோரவில்லை. 1892 ஆகஸ்ட் 22ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் 'அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா' திறக்கப்பெற்றது. ஸாஹிரா என்றால் ஒளிர்வது என்பது பொருள். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் இப்பணியில் பெருந்துணை புரிந்தார். 1877இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, என்ன வேண்டும் என்று ஆளுநர் வினவ, வெள்ளிக்கிழமை தோறும் அதனை மூடவேண்டும் என்று மட்டுமே அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அத்தகையோர் முன்னின்ற பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கிய தந்தைக்கும் துணிவு பிறந்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி வகுப்பறையிலும் கேட்குமெனில், ஆங்கிலப் பாடத்தில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

சித்தி லெப்பை 1898இல் இறையடி சேர்ந்தார். உராபி பாஷா 1901இல் தாயகம் திரும்பினார். பள்ளி நின்றது, ஆனால் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1913இல் ஸாஹிராக் கல்லூரி என்ற பெயர் பெற்றபோதும், அதன் பொற்காலம் 1921இல் டி.பி. ஜாயா தலைமையேற்ற பின்னரே தொடங்கிற்று. மலாய் இனத்தவரான ஜாயா, பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். பிறர் தம் பள்ளியை எவ்வாறு கட்டி வளர்த்தனர் என்பதை அருகிருந்து கண்டவர். 26 ஆண்டுகள் அவர் அப்பொறுப்பிலிருந்தார். கம்பளை, அளுத்கமை, புத்தளம் முதலிய ஊர்களிலும் ஸாஹிராவின் கிளைகள் தழைத்தன.

அவருக்குப்பின் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த இவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பலரும் கனவு காணும் அப்பதவியை 1948இல் துறந்து தலைமையாசிரியப் பொறுப்பை ஏற்றார். 1961 வரை அதனை வகித்தார். பல்கலைக்கழகம் புகும் முஸ்லிம் மாணவரின் தொகையைப் பெருக்குவதே அவர் கொண்ட இலட்சியம். ஆங்கிலத்தில் வல்லவரான அவர் தமிழைப் புறக்கணிக்கவில்லை. 'இலங்கையில் இஸ்லாம்' என்ற அரிய நூலைத் தமிழிலேயே எழுதினார். ஸாஹிராவின் வாயில் பிற சமயத்தாருக்கும் திறந்திருந்தது. தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பியும் அங்குப் பயின்றவரே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? பணம் மட்டும் பள்ளியை வாழ்விக்காது. 1884இலும் கொழும்பில் செல்வர் இருந்தனர், பள்ளி தளர்ந்தது. 1892இல் வேரூன்றியது, பள்ளிவாசலின் நிழலில் மக்களின் நம்பிக்கையைப் பெற்றதனால். உயர்ந்ததோ, இருவர் அடுத்தடுத்து நாற்பதாண்டுக் காலம் தம்மை அதற்கே ஒப்படைத்ததனால். கட்டடத்திற்கு நிதி திரட்டுவதில் நாம் வல்லவர்கள்; திறப்பு விழாவுக்கும் கூட்டம் குறையாது. நல்லாசிரியரைத் தேடிக் கொணர்ந்து, உரிய ஊதியமும் உரிய மதிப்பும் தந்து, அவரை ஊரிலேயே நிலைக்கச் செய்வதில் நாம் காட்டும் அக்கறை எவ்வளவு?

தமிழகத்திலும் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இலும், நம் நெல்லைச் சீமைக்கெனப் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இலும் எழுந்தன. ஆனால் கல்லூரி என்பது மேல்மாடி. ஊர்ப்பள்ளியே அதற்கு அடித்தளம். வடகரை போன்ற ஊர்களின் ஜமாஅத்தார் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் நாளில், எத்தனை பிள்ளைகள் இடையில் படிப்பை நிறுத்தினர், அவர்களில் பெண்மக்கள் எத்தனை பேர் என்ற கணக்கையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். அக்கணக்கு நேரானால் ஸாஹிராவின் ஒளி நம் மலையடிவாரத்திலும் வீசும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்வானாக!