ஆற்றங்கரை ஊருக்குச் சென்ற ஐந்நூறு மலர்கள்

பிறந்த நாளில் ஒருவர்க்குப் பூச்செண்டு அனுப்பி வாழ்த்துவது மேலை நாட்டார் வழக்கம். நம் நாட்டு நகரங்களிலும் அது இப்போது வேரூன்றிவிட்டது. அருகில் இருப்பவர்க்குப் பூக் கொடுத்தல் எளிது. கையோடு எடுத்துச் சென்று கொடுத்துவிடலாம். தொலைவில், யாரும் அதிகம் அறியாத ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் வாழ்பவர்க்கு வாடாத பூவை எவ்வாறு சேர்ப்பது? கேள்வி சிறிதுதான். ஆயினும் இதன் விடையைத் தேடிப் புறப்பட்டால், தந்தியின் வரலாறும், வணிகத்தின் வரலாறும், ஒரு தாயும் மகளும் வாழ்ந்த வாழ்வின் வரலாறும் நம் முன் விரிகின்றன. அவற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேற்கு வர்ஜீனியா என்பது மலைகள் நிறைந்த மாநிலம். அங்கே டைகார்ட் பள்ளத்தாக்கு ஆற்றின் கரையில் கிராப்டன் என்ற ஊர் உள்ளது. ஆற்றுநீர் வடக்கே ஓடி மொனாங்ககீலாவாகி, பிட்ஸ்பர்க் நகரில் ஓஹியோவாகி, முடிவில் மிசிசிப்பியில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பால்டிமோர் ஓஹியோ இருப்புப்பாதை இவ்வழியே சென்றபோது, கிராப்டன் இரயில் பாதைகள் பிரியும் சந்திப்பாக வளர்ந்தது. இன்றும் அது ஏறத்தாழ ஐயாயிரம் மக்கள் வாழும் சிற்றூரே. உலகின் பெரும்பாலோர் அதன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவ்வூரில் தோன்றிய ஒரு வழக்கத்தை அறியாதவர் இன்று அரியர்.

அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் பெண்மணி வாழ்ந்து வந்தார். அக்காலத்தில் நச்சுக் காய்ச்சலும் தொண்டை அடைப்பான் நோயும் தட்டம்மையும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அவருக்குப் பிறந்த குழந்தைகள் பத்துக்கு மேல். வளர்ந்து ஆளானவர் நால்வரே. பெற்ற வயிற்றின் துயரை அவர் கண்ணீரோடு முடித்துக்கொள்ளவில்லை. 1858-ஆம் ஆண்டில் தாய்மார்களை ஒன்று கூட்டி, ஊர்தோறும் தொண்டுக் கழகங்களை அமைத்தார். அக்கழகத்தார் வீடுதோறும் சென்று தூய்மை முறைகளைக் கற்பித்தனர். குழந்தைகளுக்குரிய பாலைச் சோதித்தனர். ஏழைகளுக்கு மருந்து வாங்கப் பொருள் திரட்டினர்.

பின்னர் 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அம்மலைநாட்டில் ஒரே ஊரார், சில வேளை ஒரே குடும்பத்தார், எதிரெதிர்ப் படைகளில் நின்றனர். ஜார்விஸ் அம்மையாரின் கழகங்கள் எப்பக்கமும் சாராமல், நோயுற்ற இரு படை வீரர்களுக்கும் பணி செய்தன. போர் முடிந்த பின்னும் பகை முடியவில்லை. 1868-இல் அவர் தாய்மார்களின் நட்பு நாள் என ஒரு கூட்டம் கூட்டி, இரு படைகளிலும் இருந்தவர்களை ஒரே இடத்தில் சேர வைத்தார். துப்பாக்கி ஏந்தி நின்ற கைகளை மீண்டும் குலுக்கச் செய்தவர்கள் தாய்மார்கள் என்பதை நீங்கள் மறக்கலாகாது.

இவ்வம்மையார் 1905-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ் அப்போது பிலடெல்பியா நகரில் வாழ்ந்து வந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், கல்வியும் சொல்வன்மையும் உடையவர். தம் அன்னையைப் போன்றோர் உயிரோடு இருக்கும்போதே போற்றப்பட வேண்டும், அதற்கென ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்று அவர் முனைந்தார். அன்னை மறைந்த நாளை ஒட்டி வரும் மே மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தார்.

1908-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், கிராப்டன் ஊரின் ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் அந்நாள் முதன்முதலாக முறைப்படி கொண்டாடப்பட்டது. அவருடைய அன்னை பல்லாண்டு ஞாயிற்றுப் பள்ளி நடத்திய இடம் அதுவே. ஆனா நேரில் செல்லவில்லை. ஒரு தந்தியும், வெண்மையான கார்னேஷன் மலர்கள் ஐந்நூறும் அனுப்பினார். கூடியிருந்தோர் நானூறுக்கு மேற்பட்டோர். அவர்கள் அணிவதற்கென்றே அம்மலர்கள் வந்தன. அவருடைய அன்னை விரும்பிய பூ கார்னேஷன். அது பறித்த பின்னும் பல நாள் வாடாதது. வாடும்போதும் இதழ்களை உதிர்க்காமல் உள்ளோடு அணைத்துக்கொள்ளும். தாயின் அன்பும் அத்தகையது என்று ஆனா விளக்கம் சொன்னார்.

இதே காலத்தில், இதனோடு தொடர்பின்றி, வேறு சிலரும் தொலைவிலுள்ளோர்க்குப் பூ அனுப்பும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் மலர் வணிகர்கள். பூவைப் பெட்டியில் இட்டு நெடுந்தொலைவு அனுப்பினால் வெயிலும் பனியும் அதைக் கெடுத்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி மிக நுட்பமானது. பூவை அனுப்ப வேண்டுவதில்லை. செய்தியை அனுப்பினால் போதும் என்பதே அது. நகரத்தில் உள்ளவர் தம் ஊர்க் கடைக்காரரிடம் பணம் கட்டி, இன்னாருக்கு இன்ன நாளில் பூ வேண்டும் என்பார். அக்கடைக்காரர், பெறுபவரின் ஊரிலுள்ள மற்றொரு கடைக்காரருக்குத் தந்தி அடிப்பார். அவர் தம்மிடம் உள்ள புதுப்பூவைக் கட்டி அவ்வீட்டில் சேர்ப்பார். கணக்கைக் கடைக்காரர் இருவரும் பின்னர்த் தீர்த்துக்கொள்வர்.

கிராப்டனுக்கு மலர்கள் சென்ற அதே 1908-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பெர்லின் நகரில் மாக்ஸ் ஹூப்னர் என்னும் மலர் வணிகரின் முயற்சியால் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. 1910-இல் அமெரிக்க வணிகர்கள் சிலர் கூடி, மலர் வணிகர் தந்திச் சங்கத்தை அமைத்தனர். தேவர்களின் தூதனாகிய மெர்க்குரி பின்னாளில் அவர்களுடைய சின்னமானான். 1946-இல் ஐரோப்பிய, பிரிட்டிஷ், அமெரிக்கச் சங்கங்கள் இணைந்து இன்டர்புளோரா என்னும் உலக அமைப்பை ஏற்படுத்தின. தந்தி இன்று மறைந்துவிட்டது; நம் இந்தியாவிலேயே 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தந்திச் சேவை முடிவுற்றது. ஆயினும் அன்று கண்ட முறை மறையவில்லை. இன்று கைபேசியின் வழியே ஒருவர் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிற்குப் பிறந்தநாள் பூ அனுப்பினாலும், பல வேளைகளில் அப்பூவைக் கட்டுபவர் அவ்வூர்க் கடைக்காரரே. பயணம் செய்வது சொல்லும் பணமுமே, மலர் அன்று.

இனி, இவ்விரு வரலாறுகளும் ஒன்றோடொன்று மோதிய கதையைக் கேளுங்கள். ஆனாவின் இயக்கம் விரைந்து பரவியது. 1910-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநர் அன்னை நாளை அறிவித்தார். 1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கப் பேரவை தீர்மானம் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அதனை நாடு முழுவதற்கும் உரிய நாளாக அறிவித்தார். இவ்வெற்றிக்கு வணிகரும் துணை நின்றனர். பிலடெல்பியாவின் பெருவணிகர் ஜான் வானமேக்கர் 1908-லேயே தம் அங்காடியின் மண்டபத்தை அந்நாள் விழாவுக்குத் தந்தவர். மலர் வணிகரும் தொடக்கத்தில் இம்முயற்சியை ஆதரித்தனர்.

ஆதரித்த கை பின்னர் அறுவடைக்கும் நீண்டது. மே மாதம் வந்தால் கார்னேஷன் விலை ஏறியது. வெள்ளைப் பூ போதாதபோது, தாயை இழந்தவர்க்கு வெள்ளை, தாய் உள்ளவர்க்குச் சிவப்பு என்னும் வழக்கத்தை வணிகர் பரப்பினர். அச்சிட்ட வாழ்த்து அட்டைகளும் மிட்டாய்ப் பெட்டிகளும் பெருகின. ஆனா கொதித்தெழுந்தார். அன்னைக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத முடியாத சோம்பலே அச்சிட்ட அட்டையாக வருகிறது என்பது அவர் கருத்து. வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தார். கூட்டங்களில் புகுந்து கண்டித்தார். 1925-இல், போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களின் சங்கம் ஒன்று பொருள் திரட்டுவதற்காகக் கார்னேஷன் விற்றபோது, அங்கே சென்று தடுத்து, அமைதியைக் குலைத்தார் எனக் கைதானார். முடிவில், தாம் உண்டாக்கிய நாளையே நீக்கிவிட வேண்டும் என்று கையொப்பம் திரட்டும் நிலைக்கு வந்தார். தம் உடைமைகளை இப்போராட்டத்திலேயே கரைத்துவிட்டு, 1948-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில் ஒரு நலவாழ்வு இல்லத்தில் காலமானார். அவ்வில்லத்துச் செலவில் ஒரு பகுதியை மலர் வணிகரும் வாழ்த்து அட்டை வணிகருமே ஏற்றனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இவ்வரலாற்றில் நீதி யார் பக்கம் என்று நீங்கள் கேட்கக்கூடும். பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் சொல்வது இது: வரலாற்றைப் படிப்போர் தீர்ப்புச் சொல்ல விரையலாகாது. வணிகரைக் கொடியவர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கடல் கடந்து வேலை தேடிச் சென்ற மகன், தன் தாயின் பிறந்த நாளன்று அவள் மேசையில் புதுப்பூ இருக்கச் செய்ய முடிந்தது அவர்களால்தான். இரு ஊர்களில் இருந்த கடைக்காரர்கள், முகம் அறியாத ஒருவரை மற்றவர் நம்பிக் கணக்கு வைத்தனரே, அந்நாணயமும் நாகரிகத்தின் ஒரு பகுதியே. மறுபுறம், ஆனாவைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவதும் எளிது. ஆயினும் அவர் காக்க முயன்றது தம் பெருமையை மட்டும் அன்று. கொடைக்கும் விற்பனைக்கும் இடையே உள்ள எல்லைக் கோட்டை.

மொழி ஆசிரியர்கள் விரும்பும் செய்தி ஒன்றையும் கூறிவிடுகிறேன். அந்நாளின் ஆங்கிலப் பெயரில் தாய் என்னும் சொல் ஒருமையில் இருக்க வேண்டும் என்று ஆனா வற்புறுத்தினார். உலகத்துத் தாய்மார் அனைவரையும் பொதுவாகப் புகழ்வதற்கு அன்று, ஒவ்வொருவரும் தம் ஒரே தாயை நினைப்பதற்கே அந்நாள் என்றார். நாமோ அன்னையர் தினம் என்று பன்மையில் வழங்குகிறோம். ஆனாவின் நோக்கப்படி இது பிழை. ஆனால் அவருடைய அன்னை நடத்திய கழகங்களையும், நட்பு நாளையும் எண்ணிப் பார்த்தால், பல தாய்மார் ஒன்றுகூடி ஊர்ப்பணி செய்த அப்பன்மைக்கு நம் தமிழ்ப் பெயரே பொருத்தம் என எனக்குத் தோன்றுகிறது. மகள் ஒருமையைக் கேட்டார். தாய் பன்மையில் வாழ்ந்தார்.

மாணவர்களே, பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம் பழமொழி. தந்தி, கடை, கணக்கு, கைபேசி ஆகிய இவையெல்லாம் நார். நாரின்றிப் பூ தொடுக்க இயலாது. ஆதலால் அதை இகழ வேண்டா. ஆனால் பூவின்றி நார் மட்டும் மணப்பதில்லை. நாளை நீங்கள் வேலையின் பொருட்டு எங்கெங்கோ செல்வீர்கள். உங்கள் அன்னையோ ஆசிரியரோ நண்பரோ ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருப்பர். அவர்களுடைய பிறந்த நாளில் பூ அனுப்புங்கள். அதைக் கட்டித் தருபவர் வேறொருவராகவே இருக்கட்டும். அதனோடு செல்லும் இரண்டு வரியை மட்டும் நீங்களே எழுதுங்கள்.