ஊடுகதிரும் உணர்விழந்த கைகளும்

உடலைக் கீறாது அதன் உட்புறத்தைக் காணும் ஆற்றல் மருத்துவத்துக்கு வாய்த்தது 1895ஆம் ஆண்டின் இறுதியிலாகும். யேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராயிருந்த வில்லெம் றொன்ட்ஜன் அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தார். கல்சியம் செறிந்த என்பு கதிரைப் பெரிதும் உறிஞ்சும். தசை அதனைப் பெரும்பாலும் கடக்கவிடும். இவ்வேறுபாடு தட்டில் நிழலாக விழுவதே ஊடுகதிர்ப் படம்.

தட்டுக்குப் பதிலாகக் கதிர் பட்டவுடன் ஒளிரும் திரையொன்றை வைப்பின், இதயத்தின் துடிப்பையும் உணவு விழுங்கப்படுவதையும் அவை நிகழும்போதே காணலாம். இவ்வொளிர்திரைக் கருவியை 1896இல் தோமஸ் எடிசன் கல்சியம் தங்ஸ்டேற்றுத் திரையைக்கொண்டு செம்மைப்படுத்தினார். அதனைச் சோதிப்பதற்கு அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தம் கைகளையே மீண்டும் மீண்டும் கதிரின்முன் நீட்டினார். கதிர் படும்போது வலி தோன்றுவதில்லை. கேடு விளைந்ததும் அதனாலேயே. புண்கள் புற்றுநோயாக மாற, இரு கைகளும் துண்டிக்கப்பட்டும் பயனின்றி, 1904இல் அவர் இறந்தார்.

வலியறியாது கை கெடும் அவலத்தை மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் பிறிதொரு வடிவில் அறிந்திருந்தனர். வாவியின் நடுவேயுள்ள மாந்தீவில் ஆங்கிலேயராட்சியில் தொழுநோய் மருத்துவமனையொன்று நிறுவப்பட்டது. குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டோர் தோணியேறி அங்குச் சென்றனர். நீரே அவர்களுக்கு மதிலாயிற்று. நோய் விரல்களை அழுகி உதிரச்செய்யும் என்ற அச்சம் இப்பிரிப்புக்குத் துணைநின்றது எனலாம்.

அவ்வச்சம் எத்துணை உண்மை? தமிழகத்தில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவரான போல் பிரான்ட் 1940களின் இறுதியில் இத்தகைய கைகளை ஆராயத் தொடங்கினார். முற்றிய நோயாளரின் ஊடுகதிர்ப் படங்களில் விரலென்புகள் நுனியிலிருந்து தேய்ந்து, கூர்சீவிய பென்சில்போல் ஒடுங்கியிருக்கும். படத்தை மாத்திரம் நோக்குவோன் நோயே என்பைத் தின்றதென்று கொள்வான். உண்மை வேறு. கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. உணர்விழந்த கை கொதிக்கும் சட்டியைத் தயங்காது பற்றுகின்றது. கவனிக்கப்படாத புண் சீழ்கொண்டு என்பை எட்ட, என்பு சிறிது சிறிதாகக் கரைகின்றது. ஆகவே விரலிழப்பிற் பெரும்பகுதி தடுக்கத்தக்கதே. ஊடுகதிர் நிழலைக் காட்டிற்று. காரணமோ நோயாளரின் அடுக்களையையும் தொழிற்களத்தையும் கூர்ந்து நோக்கியபின்னரே புலனாயிற்று. கதிர்ப்படத்தை அளவுக்குமீறிப் போற்றுவோர் இதனை மனங்கொள்வது நன்று. தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களைப் பிரான்ட் மீண்டும் இயங்கவைத்தார்.

1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதனைத் தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்குமாதலின், நோயாளரைத் தீவிற் பிரித்துவைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் முற்றாகக் கெட்ட நரம்பை மருந்து மீட்பதரிது. நோய் நீங்கியோருட் பலர், கைகளையும் பாதங்களையும் நாள்தோறும் கண்ணாற் பார்த்தே காயத்தை அறியவேண்டியவராயுள்ளனர்.